தனி அறை கிடைத்தவரின் ஒரு நாள்

கேள்வி: நாங்கள் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் குடியிருக்கிறோம். என் அக்காவின் கணவர் இங்கே ஓரளவு பெயர் தெரிந்த தொழிலதிபர். ஐந்து வாரங்களுக்கு முன் அவர் கைதானார். வழக்கு தொலைக்காட்சிச் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. ஜாமீன் கிடைக்கவில்லை, விசாரணை முடியும்வரை கவுண்டிச் சிறையில்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். "பெரிய மனிதர் என்பதால் தனி அறை கொடுத்திருக்கிறார்கள், டிவி இருக்கும், சாப்பாடும் நன்றாக இருக்கும், கவலைப்படாதே" என்று உறவினர்கள் அக்காவைத் தேற்றுகிறார்கள். ஆனால் தொலைபேசியில் அத்தானின் குரல் வாரத்துக்கு வாரம் தளர்ந்துகொண்டே போகிறது. "எல்லோரும் இருக்கிற கூடத்துக்கு என்னை மாற்றச் சொல்" என்று போன வாரம் கேட்டார். தனி அறையில் இருப்பவர் ஏன் அப்படிக் கேட்க வேண்டும்? அவருடைய ஒரு நாள் அங்கே எப்படிக் கழிகிறது? நாங்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் வழக்கைப் பற்றி எழுதியிருந்த பகுதிகளை அச்சில் தவிர்த்துவிட்டேன். அவற்றை இனி எவருக்கும் எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். அதன் காரணம் கீழே வரும். குற்றவியல் வழக்கறிஞனாகப் பல ஆண்டுகள் கவுண்டிச் சிறைகளின் பார்வையாளர் அறைகளில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் அத்தானுக்காக வாதாடும் வழக்கறிஞர் இதற்கு மாறாக ஏதேனும் சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

தமிழில் நாம் எல்லாவற்றையும் 'சிறை' என்றே சொல்லிவிடுகிறோம்; அமெரிக்காவில் அது இரண்டு வேறு இடங்கள். நீண்ட தண்டனை பெற்றவர்கள் மாநிலச் சிறைக்கோ கூட்டாட்சிச் சிறைக்கோ போகிறார்கள். கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நடத்தும் சிறை பெரும்பாலும் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்களின் இடம். குறுகிய தண்டனைக் கைதிகளும் அங்கே உண்டு. 2011-இல் கலிஃபோர்னியா சட்டத்தை மாற்றிய பிறகு, முன்பு மாநிலச் சிறைக்குப் போயிருக்கக்கூடிய சிலரும் கவுண்டியிலேயே ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். இதை நடத்துபவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஷெரீஃப். சென்னையில் ஒரு காலத்தில் ஷெரீஃப் என்று ஒரு கௌரவப் பதவி இருந்ததே, அதை நினைத்துக்கொண்டு இவரை எடை போட வேண்டாம். இவர் காவல்துறையையும் சிறையையும் ஒருசேரக் கையில் வைத்திருப்பவர். இன்று வந்து நாளை ஜாமீனில் போகிறவர்களுக்காகவே அமைந்த இடம் என்பதால், மாநிலச் சிறையில் இருக்கும் வகுப்புகள், பட்டறை வேலை, விளையாட்டுத் திடல் ஆகியவை கவுண்டிச் சிறையில் மிகக் குறைவு. இரண்டையும் பார்த்த கட்சிக்காரர்கள் பலர், நாளைக் கழிப்பதற்கு மாநிலச் சிறையே மேல் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் உறவினர்கள் தனி அறையைச் சலுகையாக நினைப்பதில் வியப்பில்லை. நம் ஊரில் 'ஏ கிளாஸ்' என்று ஒன்று இருந்து, படித்தவருக்கும் வரி கட்டுபவருக்கும் கட்டிலும் மேசையும் கொடுத்த வழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கலிஃபோர்னியாவின் கவுண்டிச் சிறை விதிகளில் அந்தஸ்தை வைத்து அப்படி ஒரு வகுப்பு கிடையாது. தென் கலிஃபோர்னியாவில் சில சிறு நகரங்களின் காவல் சிறைகள் நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு அமைதியான அறை தருவது உண்மைதான். ஆனால் அது சிறு குற்றத்துக்குத் தண்டனை பெற்று, நீதிபதியின் அனுமதியோடு வருபவர்களுக்கான ஏற்பாடு. உங்கள் அத்தானைப் போன்ற விசாரணைக் கைதிக்கு அந்த வழி இல்லை.

அவருக்குக் கிடைத்திருக்கும் அறையின் பெயர் வேறு. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிச் சிறைப் பேச்சில் அதை 'கே-டென்' என்பார்கள்; மற்றவர்களிடமிருந்து விலக்கி வைக்கப்பட வேண்டியவர் என்பது பொருள். எவரையும் தாக்கக் கூடியவர் என்று கருதப்படும் கைதிக்கும், எவரேனும் தாக்கக் கூடும் என்று அஞ்சப்படும் பிரபலத்துக்கும் ஒரே முத்திரைதான். முன்னவரிடமிருந்து மற்றவர்களைக் காக்க ஒரு கதவு. மற்றவர்களிடமிருந்து பின்னவரைக் காக்கவும் அதே போன்ற கதவு. உள்ளே இருப்பவருக்கு எந்தக் காரணத்துக்காக அந்தக் கதவு பூட்டப்பட்டது என்பதால் பூட்டு இளகிவிடுவதில்லை. அறையை விட்டு எங்கே போனாலும் இடுப்பில் சங்கிலியும், கூடவே காவலரும் உண்டு. எதிரே வேறு கைதிகள் வந்தால் அவர்களைச் சுவரோரமாகத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு இவரை அழைத்துப் போவதும் வழக்கம்.

இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம், முன்னாள் மனைவியையும் அவருடைய நண்பரையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன். 1994 ஜூன் 17 அன்று நெடுஞ்சாலைத் துரத்தலுக்குப் பின் கைதானவர், 1995 அக்டோபர் 3 அன்று விடுதலைத் தீர்ப்பு வரும்வரை 473 நாட்கள், நகரின் பாஷே தெருவில் இருக்கும் மென்ஸ் சென்ட்ரல் ஜெயிலில் இருந்தார். 1963-இல் திறந்த பழைய கட்டிடம் அது. நாடு முழுவதும் முகம் தெரிந்த, பணமும் புகழும் உள்ள மனிதருக்கு அங்கே கிடைத்ததும் ஒரு சிறு தனி அறைதான். லட்சக்கணக்கான கடிதங்கள் வந்தன என்று அவர் தரப்பு கூறியது. வழக்கறிஞர்கள் நாள்தோறும் வந்து போனார்கள். அந்த வழக்கறிஞர் பேச்சுதான் அவருடைய நாளில் மனித முகம் பார்த்துக் கழிந்த பெரும்பகுதியாக இருந்திருக்கும். அப்படிப்பட்ட வழக்கறிஞர் படையை எல்லோராலும் அமர்த்த முடியாது என்பதே சிம்ப்சனுக்கும் உங்கள் அத்தானுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு. சாப்பாட்டிலோ கட்டிலிலோ அல்ல.

ஹோட்டல் குடும்ப வாரிசும் தொலைக்காட்சிப் பிரபலமுமான பாரிஸ் ஹில்டனின் கதையைப் பலரும் மறுபக்க உதாரணமாகச் சொல்வார்கள். நன்னடத்தை நிபந்தனையை மீறியதற்காக 45 நாள் தண்டனை பெற்ற அவர் 2007 ஜூன் 3 இரவு சரணடைந்தார். ஜூன் 7 அன்று அப்போதைய ஷெரீஃப் லீ பாகா, வெளியிடாத உடல்நலக் காரணத்தைச் சொல்லி, காலில் மின்னணுப் பட்டையோடு அவரை வீட்டுக்கு அனுப்பினார். மறுநாளே நீதிபதி மைக்கேல் சாவர் அவரைத் திரும்பச் சிறைக்கு அனுப்பினார். கடைசியில் ஜூன் 26 அன்று அவர் வெளியே வந்தார். இதில் சலுகை இருந்ததா என்று கேட்டால், இடையில் கிடைத்த அந்த ஒரு நாளைச் சலுகை என்றே சொல்வேன். ஆனால் நெரிசல் காரணமாக, பெயர் தெரியாத பெண்கள் பலர் தண்டனையில் சிறு பகுதியை மட்டும் கழித்துவிட்டு வெளியே விடப்பட்ட காலம் அது. எல்லோர் கண்ணும் தன்மேல் இருந்ததால் அந்த வாய்ப்பு ஹில்டனுக்கு இல்லாமல் போனது. லின்வுட் பெண்கள் சிறையில் அவர் இருந்த பிரிவு காவல் அதிகாரிகள், அரசுப் பொறுப்பில் இருந்தவர்கள், பிரபலங்கள் ஆகியோருக்கென ஒதுக்கிய 12 அறைகள் கொண்டது. அங்கே உணவு அறைக்கே வரும்; குளிக்க, தொலைக்காட்சி பார்க்க, தொலைபேசியில் பேச, வெளிக்காற்று வாங்க என்று எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து நாளுக்கு ஒரு மணி நேரமாவது வெளியே விடுவார்கள் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. மீதி 23 மணி நேரம் எங்கே போகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். (ஹில்டனை அனுப்பிவைத்த அதே பாகா, பின்னாளில் தம் சிறைகளில் நடந்த கொடுமைகளை எஃப்.பி.ஐ. விசாரித்தபோது அதைத் தடுத்த குற்றத்துக்காக 2017-இல் மூன்று ஆண்டு தண்டனை பெற்றார் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.)

உண்மையான சலுகை பெற்றவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில் 2008-இல் பாலியல் குற்றத்துக்காக 18 மாதத் தண்டனை பெற்ற செல்வந்தர் ஜெஃப்ரி எப்ஸ்டீன், சுமார் 13 மாதமே உள்ளே இருந்தார். அதிலும் பெரும்பகுதி 'வேலைக்குப் போக அனுமதி' என்ற பெயரில் வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 12 மணி நேரம்வரை வெளியே தம் அலுவலகத்தில் கழித்தார். அது பெரும் அவமானமாகப் பின்னர் பேசப்பட்டது. அந்த ஒரு கதையை வைத்து எல்லாப் பிரபலக் கைதிகளையும் அளப்பதால்தான் உங்கள் அக்காவுக்குப் பொய்யான ஆறுதல் கிடைக்கிறது.

இனி அந்த நாளுக்கு வருவோம்.

அது விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். இரண்டு உணவு வேளைகளுக்கு நடுவே 14 மணி நேரத்துக்கு மேல் போனால் கூடுதலாக உணவு தர வேண்டும் என்பது கலிஃபோர்னியா விதி. மாலை நான்கு, ஐந்து மணிக்கே இரவு உணவை முடித்துவிடும் சிறைகள், அந்தக் கணக்குக்காகவே காலை உணவை இருட்டோடு இருட்டாகக் கொண்டுவந்து தள்ளுகின்றன. நாளுக்கு மூன்று வேளை, அதில் ஒரு வேளையாவது சூடான உணவு, ஒவ்வொரு வேளைக்கும் சாப்பிட 15 நிமிடமாவது தர வேண்டும் என்பவையும் எழுதப்பட்ட விதிகளே. நம் ஊர்ப் பேச்சில் ஜெயில் என்றால் களி. இங்கே ரொட்டி, வேகவைத்த பீன்ஸ், பதப்படுத்திய இறைச்சித் துண்டு, ஒரு பழம். தனிப் பிரிவில் இருப்பவருக்கும் அதே தட்டுதான். கதவின் நடுவிலுள்ள துவாரம் வழியாக வரும் என்பது மட்டுமே வேறுபாடு. எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிடும் மேசை அவருக்கு இல்லை.

காலை உணவுக்குப் பிறகு நீண்ட வெறுமை. படுக்கை என்பது சுவரில் பொருத்திய தகடும் மெல்லிய மெத்தையும். கழிப்பறையும் கைகழுவும் தொட்டியும் ஒரே எஃகுத் துண்டாக அதே அறைக்குள் இருக்கும். விளக்கு முழுமையாக அணைவதில்லை. இரவில் மங்கும், அவ்வளவுதான். கைதிகள் உயிரோடு பத்திரமாக இருக்கிறார்களா என்று காவலர் மணிக்கு ஒரு முறையாவது நேரில் பார்த்தாக வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான், பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் நள்ளிரவிலும் முகத்தில் கைவிளக்கு விழும் என்பது அதன் மறுபக்கம். தனி அறை என்றால் அமைதியாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். சிறையில் ஓசை சுவரைத் தாண்டி வரும்: இரும்புக் கதவு, ஒலிபெருக்கி, பக்கத்து அறைகளில் மனநலம் குன்றியவர்களின் ஓயாத கூச்சல். தொலைக்காட்சியில் முகம் பார்த்தவர் இன்ன அறையில் இருக்கிறார் என்ற செய்தி ஒரே நாளில் பரவிவிடும். பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் வழக்கைப் பற்றிக் கேலி பேசுவதும் நடக்கும். கூடத்தில் இருப்பவனுக்கு அந்தச் சத்தத்துக்கு நடுவே பதில் பேச, சீட்டாட, சிரிக்க யாரேனும் இருப்பார்கள். தனி அறையில் இருப்பவருக்குச் சத்தம் மட்டும் மிஞ்சும், துணை இருக்காது. உங்கள் அத்தான் கூடத்துக்குப் போகக் கேட்டதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வெளியே விடும் நேரம் எப்போது வரும் என்பதையும் அவர் தீர்மானிக்க முடியாது. வாரத்துக்குக் குறைந்தது 3 மணி நேரம் உடற்பயிற்சிக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது; மென்ஸ் சென்ட்ரலில் அதற்கான இடம் கட்டிடத்தின் மொட்டை மாடி. எல்லோரையும் ஒன்றாக அனுப்பினால் ஒரே நடையில் முடியும் வேலை, தனிப் பிரிவில் ஒவ்வொருவராக, சங்கிலியோடு, காவலர் துணையோடு நடத்தப்பட வேண்டியிருப்பதால், ஆள் பற்றாக்குறையான நாளில் முதலில் தள்ளிப்போவது இவர்களுடைய முறைதான். குளிப்பதும் தொலைபேசியும் அந்தச் சிறு இடைவெளிக்குள் அடங்க வேண்டும். சில நாள் காலை ஆறு மணிக்கும், சில நாள் இரவு பத்துக்கும் அவர் அழைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது அவருடைய தடுமாற்றம் அல்ல, கதவு திறந்த நேரம்.

நீதிமன்ற நாள் இதைவிடக் கடினம். அதிகாலையில் எழுப்பி, சோதனையிட்டு, சங்கிலியிட்டு, பேருந்துக்காகக் காக்க வைத்து, நீதிமன்றத்தின் அடியிலுள்ள காப்பறையில் மணிக்கணக்கில் உட்கார வைத்து, பத்து நிமிட விசாரணைக்குப் பிறகு அதே வழியில் திருப்பி அனுப்புவார்கள். பிரபலக் கைதியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டு போவதில் அமெரிக்கச் சிறைத் துறைக்கு ஒரு பழைய அச்சம் உண்டு: 1963 நவம்பர் 24 அன்று டல்லஸ் காவல் தலைமையகத்தின் அடித்தளத்திலிருந்து கவுண்டிச் சிறைக்கு மாற்றும்போதுதான், தொலைக்காட்சி நேரலையிலேயே, அதிபர் கென்னடியைக் கொன்றதாகக் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்டை ஜேக் ரூபி சுட்டார். ஆகவே தனி வண்டி, தனி நேரம், முன்னறிவிப்பு இல்லாத புறப்பாடு ஆகியவை இருந்தால் அதில் பயப்பட எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஜூரியின் (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) முன் கைதி உடையில் நிற்கும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1976-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. வழக்கு ஜூரி விசாரணைக்கு வரும்போது அவருடைய அளவில் சட்டை, கால்சட்டை, காலணி ஆகியவற்றை வழக்கறிஞரிடம் கொடுத்துவிட வேண்டியது குடும்பத்தின் வேலை. ஐந்து வாரத்தில் உடல் இளைத்திருக்கும். பழைய அளவை நம்பித் தைக்கக் கொடுக்காதீர்கள்.

நம் ஊரில் 'மனுப் போட்டுப் பார்ப்பது' என்பார்களே, அந்த நேர்காணல் இங்கே பெரும்பாலும் கண்ணாடிக்கு இப்புறமும் அப்புறமும் உட்கார்ந்து, கையில் தொலைபேசி ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பேசுவதுதான். விசாரணைக் கைதிகள் குடும்பத்தைத் தொட்டுப் பேச அனுமதிக்க வேண்டும் என்று இதே லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிச் சிறைக் கைதிகள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1984-இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. தீர்ப்பு வராதவரைத் தண்டிக்கக் கூடாது, ஆனால் பாதுகாப்புக்குத் தேவையான கட்டுப்பாடு தண்டனை ஆகாது என்பது 1979-இலிருந்து அந்த நீதிமன்றத்தின் நிலை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் அந்த வரிதான், நான் மேலே விவரித்த நாளின் பெரும்பகுதியையும் சட்டப்படி சரியாக்குகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆயினும் அதுவே நடைமுறை.

இப்போது தொடக்கத்தில் விட்ட இடத்துக்கு வருகிறேன். வழக்கறிஞருடன் நடக்கும் பேச்சைத் தவிர, சிறைத் தொலைபேசியில் பேசும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகிறது. அழைப்பின் தொடக்கத்தில் வரும் அறிவிப்பு சடங்குக்குச் சொல்லப்படுவது அல்ல. அரசுத் தரப்பு அந்தப் பதிவுகளைக் கேட்டுப் பெறுகிறது, நீதிமன்றத்தில் போட்டுக் காட்டுகிறது. நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு, தமிழில் பேசினால் எவருக்குப் புரியும் என்று நினைப்பது. மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். அதைவிட மோசம், "அந்த விஷயம்", "நம்ம ஆள்", "அன்னைக்குச் சொன்னது" என்று மூடி மூடிப் பேசுவதும், உறவுமுறைச் சொற்களைக் குறிப்புச் சொற்களாகப் பயன்படுத்துவதும். மொழிபெயர்த்துத் தாளில் அச்சிட்டுப் படிக்கும்போது, அப்பாவியான பேச்சுக்கூட அப்போது சதித் திட்டம்போலத் தோன்றும். பிரபலக் கைதி என்றால் அரசுத் தரப்பு மட்டும் அல்ல, ஊடகமும் காத்திருக்கும். ஃபுளோரிடாவில், தம் மகளைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கேஸி ஆந்தணி விசாரணைக்குக் காத்திருந்தபோது, அந்த மாநிலத்தின் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ், சிறையில் தம் பெற்றோருடன் அவர் பேசிய ஒளிப்பதிவுகள் வெளியாகி, நாடே அவற்றைப் பார்த்தது. கலிஃபோர்னியாவின் சட்டம் வேறு. ஆனாலும் வெளியே போனால் என்ன ஆகும் என்ற நினைப்போடு பேசுவதே பத்திரம்.

மதகுருவிடம் பேசுவது காக்கப்பட்டது என்றாலும், அதிலும் எச்சரிக்கை தேவை. சிம்ப்சனைச் சந்திக்க வந்த போதகர், முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ரோஸி கிரியரிடம் அவர் குரல் உயர்த்திச் சொன்ன ஏதோ ஒன்றை ஒரு காவலர் கேட்டுவிட்டார். அது நீதிமன்றத்துக்கு வந்தது. அந்த இடத்தில் பேசுவது இரகசியமாகவே இருக்கும் என்று நம்பும்படி சிறை நிர்வாகம் நடந்துகொண்டது என்பதால் நீதிபதி லான்ஸ் இட்டோ அதைச் சாட்சியமாக ஏற்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்பதை ஜூரி கேட்கவே இல்லை. எல்லோருக்கும் அப்படி அமைந்துவிடாது.

இதையெல்லாம் சொன்னது உங்கள் முக்கியமான கேள்விக்கு விடை சொல்லத்தான்: கூடத்துக்கு மாற்றச் சொல்லலாமா? அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. அடி உதை ஒரு காரணம். நடிகர் ராபர்ட் டவுனி ஜூனியர் 1998-இல் இதே கவுண்டியின் சிறையில் மற்றக் கைதிகளுடன் நடந்த கைகலப்பில் முகத்தில் காயப்பட்டார். ஆனால் நான் அதைவிட அஞ்சுவது நாவை. 1988-இல் லெஸ்லி வெர்னன் வைட் என்ற கைதி, முன்பின் அறியாத இன்னொரு கைதியின் வழக்கு விவரங்களைச் சிறைத் தொலைபேசியிலிருந்தே அதிகாரிபோல் பேசித் திரட்டி, "அவன் என்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டான்" என்று பொய்ச் சாட்சி சொல்வது எவ்வளவு எளிது என்று லாஸ் ஏஞ்சலஸ் அதிகாரிகளுக்கே செய்து காட்டினார். 'கிராண்ட் ஜூரி' எனப்படும் பெரும் நடுவர் குழு விசாரித்தது. சிறை உளவாளிகளின் சாட்சியம் எவ்வளவு அழுகிப்போயிருந்தது என்பது வெளியே வந்தது. வேறு ஆதாரம் இல்லாமல் அத்தகைய சாட்சியை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 2012-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தண்டனையைக் குறைத்துக்கொள்ள எதையும் சொல்லத் துணிந்த ஒருவனுக்கு, தினமும் செய்தியில் வரும் ஒரு வழக்கின் கைதி பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பது பெரும் புதையல். தனி அறை உங்கள் அத்தானை வாட்டுகிறது. அதே அறை அவரிடமிருந்து பொய்ச் சாட்சியைத் தள்ளி வைக்கிறது. இந்த இரண்டையும் தராசில் வைத்து அவருடைய வழக்கறிஞர்தான் முடிவு சொல்ல வேண்டும். மாற்றம் தேவை என்று அவர் நினைத்தால், அவரைத் தனியே வைத்த வகைப்படுத்தலை மறுபரிசீலனை செய்யும்படி எழுத்தில் கேட்பார். குடும்பத்தினர் நேரே போய்க் கேட்பதில் பயனில்லை.

ஆனால் அறையை மாற்றாமலே அந்த நாளை மாற்றப் பல வழிகள் உண்டு. என் அனுபவத்தில் குடும்பங்கள் இவற்றைத்தான் தவற விடுகின்றன. குரல் தளர்கிறது என்று நீங்கள் கவனித்ததை இன்றே வழக்கறிஞருக்கு எழுதுங்கள். மனநல மருத்துவர் பார்க்க வேண்டும் என்று அவர் சிறை மருத்துவப் பிரிவைக் கேட்கலாம். "உயிரோடு இருந்து என்ன" என்பதுபோல் ஒரு சொல் வந்தாலும், வழக்கறிஞருக்காகக் காத்திராமல் சிறையை நேரே அழைத்துச் சொல்லுங்கள். தனிமையில் இருக்கும் விசாரணைக் கைதிகளிடம் இதைச் சாதாரணப் புலம்பலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. அவருடைய மருத்துவரின் சீட்டை அனுப்பிவைக்கலாம்.

அவர் சைவ உணவுக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். மத நம்பிக்கையின் அடிப்படையில் உணவு கேட்கும் உரிமை சிறையிலும் உண்டு. சிறையின் மதச் சேவைப் பிரிவுக்கு அவரே எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை கமிசரி என்னும் சிறைக் கடைதான் கை கொடுக்கும். அவர் கணக்கில் நீங்கள் பணம் போட்டால், உடனடி நூடுல்ஸ், காப்பித்தூள், பிஸ்கட், எழுதுதாள் வாங்கிக்கொள்ளலாம். பணத்தை அளவாகப் போடுங்கள். கணக்கில் நிறைய இருக்கிறது என்று தெரிந்தால் அதுவும் அவருக்குத் தொல்லை. புத்தகங்களைப் பொதுவாகப் பதிப்பகமோ கடையோ நேரடியாக அனுப்ப வேண்டும், மெல்லட்டைப் பதிப்பாக இருக்க வேண்டும். வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து அனுப்பினால் திரும்பி வரும். அவர் இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருந்தால், தம் கைது பற்றி இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் வழக்கறிஞரிடம் நினைவூட்டுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பயன் தருவது கடிதம். ஒரு கைதிக்கு வரும் கடிதங்களின் எண்ணிக்கைக்கு விதி வரம்பு வைக்கவில்லை. பிரித்துப் பார்ப்பார்கள், ஆகவே வழக்கைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். ஆனால் பையனின் மதிப்பெண், வாசல் எலுமிச்சையில் பூ விட்டது, அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில் சொன்னது என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஒரே நீளமான கடிதத்தை எழுதுவதைவிட, வீட்டில் உள்ளவர்கள் முறை வைத்துக்கொண்டு நாளுக்கொன்றாகச் சிறு கடிதங்கள் அனுப்புவது நல்லது. நேரம் தெரியாத அறையில் தபால் வரும் வேளை ஒரு கடிகாரமாக நிற்கும். என் கட்சிக்காரர் ஒருவர், தம் மகள் கடிதத்தின் ஓரத்தில் நாள்தோறும் எழுதி அனுப்பிய குறுக்கெழுத்துப் புதிரை நான்கு மாதம் போட்டுக்கொண்டிருந்தார். விடையைச் சரிபார்க்கத்தான் அவர் தொலைபேசி முறைக்குக் காத்திருந்தார்.

உறையின் மேல் அவர் பெயரோடு பதிவு எண்ணையும் தெளிவாக எழுதுங்கள். எண் இல்லாத கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேராமல் திரும்பிவிடக்கூடும்.

அன்புடன்,
உங்கள் சட்ட ஆலோசகர்